டோ மியா இல்லாத செய்தி

மிங்கலா தாங்ஞுன்ட், ரங்கூன்
14-6-1964

அன்புள்ள தம்பி சூசைராஜுக்கு,

ஆண்டவர் துணையால் இங்கே நான் சுகம். பள்ளிக்கூட வேலையும் நடக்கிறது. மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சிகாகோவில் தபால்பெட்டியே கிடையாதா?

பக்கத்து வீட்டுப் பொன்னுத்துரை குடும்பம் வியாழக்கிழமை கப்பலேறியது. கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு இருந்து என்ன செய்வார்கள்? துறைமுகத்தில் சோதனை போட்ட அதிகாரி ஒருவர், பொன்னுத்துரையின் மனைவி ஜெயம்மாவின் தாலியைக் கழற்றி வாங்கிவிட்டார். அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். வழியனுப்ப வந்திருந்த எதிர்வீட்டு பர்மியப் பெண்மணி டோ மியா சும்மா இருக்கவில்லை. மேசையைத் தட்டி, "உன் அம்மா கழுத்துலயும் இப்படித்தான் கை வைப்பியா?" என்று பர்மியில் கேட்டார். அந்த மனிதர் தாலியைத் திருப்பிக் கொடுத்தார்.

ஊருக்குப் போகிற பாக்கியசாமி அண்ணன் இதை மதராஸில் தபாலில் சேர்ப்பார்.

அக்கா,
செசிலியா

சிகாகோ
9-7-1964

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதது தப்புதான், கோபிக்காதே. உனக்கு ஒரு நல்ல செய்தி. உன் கடிதத்தை இங்கிலீஷில் எழுதி எங்கள் டெலிவிஷன் நிலையத்தின் செய்தி ஆசிரியரிடம் கொடுத்தேன். நேற்று வாசித்தார்கள்! உன் பெயர் வரவில்லை. 'ரங்கூனில் ஒரு தமிழ் ஆசிரியை' என்று மட்டும் சொன்னார்கள். சோஷலிஸ்ட் ஆட்சி என்றால் இதுதான் என்று முடித்தார்கள். நேரம் ஒரு நிமிஷந்தான், அதனால் டோ மியாவையும் தாலி திரும்பியதையும் நீக்கிவிட்டார்கள். "அந்தம்மா வந்தா ஜனங்களுக்குக் குழப்பம்" என்றார் ஆசிரியர். மற்றபடி ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நடுநிலை தவறக்கூடாது என்பது இங்கே கண்டிப்பான விதி.

உன் தம்பி,
சூசைராஜ்

ரங்கூன்
20-8-1964

தம்பிக்கு,

நீங்கள் வாசித்தது ஏதோ அமெரிக்கப் பத்திரிகையில் அச்சாகி இங்கே வந்திருக்கிறது. அரசாங்க ஆட்கள் இரண்டு பேர் பள்ளிக்கூடத்துக்கு வந்து, யார் எழுதியது என்று கேட்டார்கள். இந்த ஊரில் எத்தனை தமிழ் ஆசிரியைகள் இருக்கிறோம்? நான்தான் என்று சொல்லிவிட்டேன். டோ மியா தானாகவே வந்து, "துறைமுகத்துல நான் பக்கத்துலதான் நின்னேன். தாலியத் திருப்பிக் குடுத்தாங்கன்னும் இவ எழுதுனா, அப்பவே எனக்குச் சொன்னா" என்று சாட்சி சொன்னார். அதனால் வேலை தப்பியது. விசாரணை என்று அவருக்கும் இரண்டு நாள் அலைச்சல்.

இங்கே பத்திரிகை அரசாங்கம் சொல்வதைத்தான் போடும். அது தெரிந்துதான் நாங்கள் படிக்கிறோம். உங்கள் ஊரில் நம்பிக் கேட்கிறார்களே, சூசை. ஜெயம்மா தாலியோடு போனாள் என்பதையும் வாசிக்கச் சொல்.

செசிலியா

சிகாகோ
12-9-1964

அன்புள்ள அக்காவுக்கு,

என்னை மன்னித்துவிடு. ஆசிரியரிடம் கேட்டேன். "அது பழைய செய்தி" என்றார். மூன்று தடவை கேட்டேன். கடைசியில் நேயர் கடிதம் வாசிக்கும் சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு நானே எழுதிப் போட்டேன். அரை நிமிஷம் வாசித்தார்கள். தாலி திரும்பியதையும், வாங்கிக் கொடுத்தது பர்மியப் பெண் என்பதையும் சொன்னார்கள். எத்தனை பேர் கேட்டார்களோ தெரியாது. திங்கட்கிழமை என்னைச் செய்திப் பிரிவிலிருந்து எடுத்துப் பழைய படச்சுருள் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. நீ முன்போல எல்லாம் எழுது.

உன் தம்பி,
சூசைராஜ்

ரங்கூன்
18-10-1964

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை டோ மியாவுக்கு பர்மியில் சொன்னேன். சந்தோஷப்பட்டார். எனக்கும் உன்மேல் கோபமில்லை. நம்பு.

நேற்று உனக்கு நான்கு பக்கம் எழுதினேன். ஒவ்வொரு வரியையும் யாரோ உரக்க வாசிப்பதுபோல் எனக்குக் கேட்டது. கிழித்துவிட்டேன்.

இங்கே எல்லாரும் சுகம். மழை விட்டுவிட்டது.

அக்கா,
செசிலியா