அப்பா போட்ட பதினொரு ஆகா

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
ஞாயிறு பின்னேரம்

என் அன்பு மகன் வசீகரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். பிள்ளையார் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. நீயும் வன்கூவரில் வேளைக்குச் சாப்பிட்டு, தலைமுடி வெட்டி, மனுசப்பிள்ளை போல இருக்கிறாய் என்று நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் கதைத்தால் நீ ஒரு சத்தமும் போடமாட்டாய், லைன் அறுந்துவிட்டதோ என்று நான் ஹலோ ஹலோ என்று கத்த வேண்டும், கேட்டால், இடையில சத்தம் விழக்கூடாது அம்மா, மியூட்டில போட்டிருக்கிறன் என்பாய். ஒலிப்பதிவு வேலை பார்க்கிற பிள்ளையைப் பெற்றால் இதுதான் கதி. இந்த விஷயத்தை முழுதாகச் சொல்ல வேண்டும், அதுதான் எழுதுகிறேன்.

எங்கள் இரண்டாம் மாடி ஹுசாமை உனக்குத் தெரியும். அலெப்போக்காரன், பகலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான், மிச்ச நேரமெல்லாம் ஊத் என்கிற அந்தப் பானை வயிற்று வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு இருக்கிறான். தன் ஊர்ப் பழைய அரபுப் பாட்டுகளை இங்கேயும் லவாலிலும் வீடு வீடாகப் போய்க் கேட்டுச் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது பேருக்குப் பழக்குகிறான். அறுபத்துமூன்று பாட்டுச் சேர்த்துவிட்டான். அதில் ஒரு பாட்டின் கடைசி அடிகள் மட்டும் ஒருவருக்கும் தெரியாது, பியர்பொன்ட்ஸில் இருக்கிற உம் ஜமீலுக்கு, அதாவது ஜமீலின் தாய்க்கு மட்டும்தான் தெரியுமாம். அவருக்கோ போன செவ்வாய் தொண்டையில் ஒப்பரேஷன், பிறகு குரல் எப்படி வரும் என்று சொல்ல முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முதல் சனிக்கிழமையே பதிந்தாக வேண்டும். உம் ஜமீலின் வீட்டுக்குப் பக்கத்தில் ரயில் ஓடும், ஹுசாமின் தலைக்கு மேலே மூன்று பிள்ளைகள் ஓடும், ஆகையால் இரண்டு வருஷத்துக்கு முதல் நீ சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி வைத்துவிட்டுப் போன உன் பேஸ்மென்ட் அறையைக் கேட்டு வந்தான்.

அங்கேதான் உன் புத்திமதி வந்து சேர்ந்தது, என் ராசா. அவன் உன்னிடம் கேட்க, நீ ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினாய். மணிக்கூட்டின் பற்றரியைக் கழற்று, ஹீற்றரை நிப்பாட்டு, பிரீசரின் பிளக்கைப் பிடுங்கு, ஒருவரும் மூச்சுக்கூட விடக்கூடாது. நாங்கள் மூச்சை விட்டுவிட்டு மற்றதெல்லாம் செய்தோம். கதிரை கிறீச்சிடும் என்று அப்பாவை நிலத்தில் இருத்தினேன், அந்த முழங்காலோடு. உம் ஜமீல் பஞ்சுச் சுவரைப் பார்த்து இரண்டு வரி பாடினார், நின்றுவிட்டார். திரும்பத் தொடங்கினார், அதே இடத்தில் நின்றார். மூன்றாம் தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி, கோட்டை எடுத்துத் தரச் சொன்னார். ஹுசாமின் முகம் செத்துப்போனது, செவ்வாய்க்கு மூன்றே மூன்று நாள். அவர் சொன்னதை அவன் எங்களுக்கு அரைப் பிரெஞ்சில் சொன்னான்: தான் பிழையாகப் பாடுகிறபடியால்தான் எல்லாரும் பேசாமல் இருக்கிறோம் என்று நினைத்துவிட்டாராம். அவர்கள் வழக்கத்தில் ஒரு வரி நன்றாக விழுந்தால் கேட்கிறவர் வாய்விட்டு அல்லாஹ் என்று சொல்ல வேண்டுமாம், அதைக் கேட்டுத்தான் பாடுகிறவர் அதே வரியைத் திரும்ப எடுப்பதா, அடுத்ததற்குப் போவதா என்று பார்ப்பாராம். இது ஹுசாமுக்குத் தெரியாததா? ஆனால் உன் கட்டளையைப் படித்துவிட்டு அவனும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறான்.

கோட் ஒரு கையில் ஏறிவிட்டது, பதிவு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அவரைச் சமாதானப்படுத்த ஹுசாம் மெல்ல வாசிக்க, அவர் நின்றபடியே அந்த வரியை ஒருதரம் முணுமுணுத்தார். உன் அப்பா இருக்கிறாரே, எந்தக் கோயில் திருவிழாவிலும் நாதஸ்வரக்காரரின் காதுக்குள் நின்று தலையாட்டுகிற மனுசன், அவ்வளவு நேரம் வாயை அடக்கியதே பெரிய காரியம். தொடையில் ஒரு தட்டுத் தட்டி, ஆகா, அப்பிடிப் போடுங்கோ அம்மா என்று கத்தினார். நான் அவர் வாயைப் பொத்தப் போனேன். உம் ஜமீல் திரும்பிப் பார்த்தார், சிரித்தார், கோட்டைக் கழற்றி என் மடியில் போட்டார். அந்த ஒரு வரியை நாலு தரம் நாலு விதமாகப் பாடினார், ஹுசாம் அல்லாஹ் என்கிறான், அப்பா ஆகா என்கிறார், யாருக்கும் தெரியாத அந்தக் கடைசி அடிகள் தன்பாட்டில் வந்தன. வாசல் திறந்திருக்கிறது, வருகிறேன் என்றவர் எங்கே என்று கேட்கிற பாட்டாம். எனக்குப் பாஷை விளங்க முதலே அழுகை வந்துவிட்டது.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது, உயிருக்குப் பயமில்லை. குரல் மட்டும் வெறும் காற்றாக வருகிறது, பாடலாமா என்பதைப் பேந்துதான் சொல்லலாமாம். கத்துகிற ஐயாவுக்கு என்று எழுதி ஒரு பெட்டி பக்லவா அனுப்பியிருந்தார், அன்றையிலிருந்து அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. பிரீசரின் பிளக்கைத் திரும்பப் போட ஒருவருக்கும் நினைவு வரவில்லை, உள்ளே இருந்த அறக்குளா மீன் முழுக்க நாறிப்போனது, அதைப்பற்றி நீ எழுதி அனுப்பின அந்த ஒரு பக்கத்தில் ஒன்றும் இல்லை.

ஹுசாம் அந்தப் பதிவை உனக்கு அனுப்புகிறான். பஸ் சத்தத்தை எடு, அப்பாவின் இருமலை எடு, ஆனால் பதினொரு ஆகாவில் ஒன்றிலும் கை வைத்துவிடாதே. பழகுகிற பிள்ளைகள் எங்கே வாய் திறக்க வேண்டும் என்பதையும் அதிலிருந்துதான் பழக வேண்டுமாம், ஆகையால் அப்பாவும் இப்போது பாட்டோடு சேர்த்தி.

கடவுள் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார், தலைக்கு எண்ணெய் வை, மழையில் நனையாதே. வருகிற ஞாயிறு போன் எடுப்பேன். மியூட்டை எடுத்துவிடு மகனே. நான் இடையில் நிறுத்தினால் கதை முடிந்துவிட்டது என்று நினைக்காதே, ஓம் அம்மா என்று ஒரு சத்தம் போடு. இரண்டு வருஷமாகச் சொல்லாமல் விட்டது கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

உன் சத்தத்துக்குக் காத்திருக்கும் அம்மா,
புஷ்பராணி