மை கரைந்த ஆறு குழாய்கள்

12 ஜூன் 2025, வியாழன்

முழங்கால் வலி, நடை இல்லை. மகள் சாராவுக்குத் திங்கள் பதினொரு மணிக்கு நேர்காணல், மருத்துவக் கல்லூரித் துணை முதல்வர் பதவிக்கு. இருபத்திரண்டு ஆண்டுகளாக அங்கே உயிர்வேதியியல் நடத்துகிறாள். சான்றிதழ்களை ஆண்டுவாரியாக அடுக்கிக் கொடுத்தேன். துறைமுகத்தில் கோப்பு காத்தவனுக்கு இதாவது வரும்.

14 ஜூன், சனி

எண்ணூர்க் குப்பம். மீன் விற்கும் பெண்களின் இரத்தத்தில் இரும்புச்சத்து எவ்வளவு என்பது சாராவின் ஆய்வு. நாற்பது பேர். அவள் இரத்தம் எடுத்தாள். நான் காகிதச் சீட்டில் எண் எழுதிக் குழாய்களில் ஒட்டினேன். "பென்சில்ல எழுதுங்க டாடி" என்றாள். என் மைப்பேனாவில்தான் எழுத்து நிற்கும் என்று நினைத்துக்கொண்டு—

ஐஸ் பெட்டியோடு நான் முன்னால் ஆட்டோவில் ஆய்வகத்துக்குக் கிளம்பினேன். கண்டெய்னர் லாரி வரிசையில் ஒன்றரை மணி நேரம். ஐஸ் உருகி, அடியில் இருந்த முதல் ஆறு குழாய்களிலும் நீலக் கறை மட்டும். வைத்த வரிசை நினைவிருந்தது. யாரும் பார்க்கவில்லை. எண்களை மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

15 ஜூன், ஞாயிறு

தேவாலயப் பூசையில் மனம் நிற்கவில்லை. மூன்றும் நான்கும் மாறியிருந்தால்? மூன்றாம் எண் கன்னியம்மாவுடையது. வேறொருத்திக்கான மாத்திரை அவளுக்குப் போகும். நாளை பத்து மணிக்குப் பரிசோதனை. நேர்காணலுக்கு முன் சொன்னால் சாரா கலங்குவாள். சொல்லாவிட்டால்? படிச்சவன்தானே லூயிசு நீ? ஞாபகத்த நம்பியா எழுதுவ? என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

16 ஜூன், திங்கள்

இடியாப்பம் பரிமாறும்போது சொல்லிவிட்டேன். அவள் உடனே ஆய்வகத்துக்குப் போன் செய்தாள். "நசீர், ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும் டெஸ்ட் பண்ணாதீங்க. எங்க தப்பு."

பிறகு என்னிடம், "மை கரைஞ்சதுகூடப் பரவால்ல. திருப்பி எழுதினீங்களே டாடி!"

"ஆமாம்மா."

"ஆறுது, சாப்பிடுங்க."

மாலை வந்தாள். நேர்காணலில், ஆய்வு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டார்களாம். ஆறு மாதிரிகள் பாழ், மறுபடி எடுக்க வேண்டும் என்று அவளே சொல்லிவிட்டாளாம்.

"போச்சா?"

"தெரியல டாடி."

21 ஜூன், சனி

மறுபடி குப்பம். என்னைக் கண்டதும் கன்னியம்மா, "இன்னா பெர்சு, அன்னிக்கு எட்த்த ரத்தம் பத்தலியா? கொசுகூட இவ்ளோ குடிக்காது!" கூடையோடு நின்ற எல்லோரும் சிரித்தார்கள்.

தப்பு என்னுடையது என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

"அட, வாயத் தொறந்து சொல்ட்டியே நைனா. எட்த்துக்கோ. ஆனா டாக்டரம்மாதான் குத்தணும், நீ கிட்ட வராத!"

ஆறு பேரும் கை நீட்டினார்கள்.

2 ஜூலை, புதன்

ஆணை வந்தது. சாரா துணை முதல்வர். பாயசம், எனக்கு அரை டம்ளர்தான்.

14 ஜூலை, திங்கள்

துணை முதல்வராகச் சாரா அனுப்பிய முதல் சுற்றறிக்கை. ஒரு பிரதியை "கோப்புல வைங்க டாடி" என்று கொடுத்தாள். இரண்டே வரி. மாதிரிக் குழாய்களில் பென்சிலால் மட்டுமே எழுத வேண்டும். தவறை அன்றே தெரிவிப்பவரிடம் விளக்கம் கேட்கப்படாது.

'அன்றே.' நான் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த கட்டமாகச் சனிக்கிழமை இன்னொரு குப்பம். எண் எழுத என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். பென்சில் சீவி வைத்தேன். இரண்டு.