இருபத்தோரு படிகள்

பெரியவனே,

போனில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நீ சொன்ன மாதிரியே, வங்கித் தவணை போக வாடகையில் கொஞ்சம் கையில் மிஞ்சுகிற வீடு ஒன்றை நேற்றுப் பார்த்தேன். மேலும் கீழும் இரண்டு குடித்தனம். ரொம்ப நாளாக இருப்பவர்கள்.

"கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்மா," என்றார் தரகர்.

"படி இவ்வளவு செங்குத்தா இருக்கே, எப்படி ஏறுவாரு?" என்றேன்.

"யாரும்மா?"

அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாவம், கீழ்வீட்டில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். "நீங்க குடியிருக்கவா பாக்குறீங்க? வாடகைக்கு விடத்தானே?" என்று மெதுவாகக் கேட்டார்.

நல்ல நல்ல வீடாக நாலைத் தட்டிக்கழித்தேன் என்று கத்தினாயே, உன்மேல் தப்பில்லை. ஒன்றில் கூடம் இருட்டு, ஒன்றில் தண்ணீர் உப்பு என்று உன்னிடம் மழுப்பினேன். நாலிலும் மாடிப்படிதான் காரணம். உன் அப்பாவின் முழங்காலை வைத்தே ஒவ்வொரு வீட்டையும் பார்த்திருக்கிறேன். எனக்கே நேற்றுதான் தெரிந்தது.

அவர் போய் ஏழு மாதமாகிறது. அலைந்து அலுத்துவிட்டது, கண்ணு. இந்த வீட்டில் இருபத்தோரு படி. எண்ணிக்கொண்டே ஏறி இறங்கினேன். முன்பணம் கொடுத்துவிட்டேன்.

அம்மா