குழந்தைகளின் கால் பார்க்கவும் ஸ்கேன் அறையைத் திறந்துவிடக் கோரி

அனுப்புநர்:
தையல்காரப் பாட்டி (இப்படிக் கேட்டால் தெருவே வழிகாட்டும்),
மருத்துவமனைக்குப் பின் தெரு.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: குழந்தைகளின் கணுக்காலை ஸ்கேன் அறையில் பார்க்க அனுமதிக்கவும், அப்படிப் பார்த்த டாக்டரம்மாவிடம் கேட்ட விளக்கத்தைக் கைவிடவும் வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. பிழை இருந்தால் தாங்களே திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும். விஷயத்தில் பிழை இல்லை, கண்ணால் கண்டதைத்தான் எழுதுகிறேன்.

1. என் பேத்திக்குப் பத்து வயது. ஓட்டத்தில் அவளை முந்த அவள் பள்ளியில் ஆண்பிள்ளைகளும் கிடையாது. பாட்டி என்பதால் சொல்லவில்லை, வாத்தியாரைக் கேட்டாலும் சொல்வார். போன மாதம் பள்ளி மாடிப்படியில் கீழே வந்து சேருமுன்பே குதித்து, கணுக்கால் மடங்கி விழுந்தாள். தங்கள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்புக்கு ஒன்றுமில்லை, சுளுக்குதான், நடக்கட்டும் என்று கட்டுத்துணி சுற்றி அனுப்பினார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. படத்தில் விழாததை எங்கே போய்ப் பார்ப்பார்கள்? ஆனால் பிள்ளை காலைத் தரையில் ஊன்றவே இல்லை.

2. மறுநாள் மறுபடியும் தூக்கி வந்தோம். குழந்தைகள் பிரிவு டாக்டரம்மா வெளிப்பக்கத்துக் கணுவில் ஒற்றை விரலை வைத்தார். பேத்தி கூரை இடிகிற மாதிரி அலறினாள். "சின்னப் பிள்ளைங்களுக்கு எலும்பு நுனி இன்னும் குருத்தாத்தான் இருக்கும் பாட்டிம்மா. எக்ஸ்ரேல சில சமயம் தெரியாது. வாங்க, ஸ்கேன்ல ஒரு பார்வை பார்த்துடுவோம்" என்றார்.

3. ஸ்கேன் அறை வாசலில் 'கர்ப்பிணிகளுக்கு மட்டும்' என்று பலகை இருக்கிறது. அங்கே நின்ற ஆயா, "இங்க வயிறுதான் பார்ப்பாங்க, கால் பார்க்கிற இடம் அந்தப் பக்கம்" என்று மறித்தார். தன் பொறுப்பு என்று சொல்லி டாக்டரம்மா எங்களை உள்ளே அழைத்துப்போனார். காத்திருந்த பெண்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். பேத்தி என் காதில் ரகசியம் பேசுவதாக நினைத்து, அறை முழுக்கக் கேட்கும்படி, "பாட்டி, என் கால்ல பாப்பாவா இருக்கு?" என்றாள். "அடியே, சிரிக்க வைக்காத, இங்கேயே பெத்துருவேன்" என்றாள் ஒரு நிறைமாதக்காரி.

4. ஐயா, இனிமேல் எழுதுவதை நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். டாக்டரம்மா முதலில் நல்ல காலில் பசை தடவிக் கருவியை வைத்தார். திரையில் எலும்பின் மேல்விளிம்பு வெள்ளைக் கோடாக, மிஷினில் ஓடிய நேர்த்தையல் போல ஓடியது. பெருவிரலை ஆட்டச் சொன்னார். உள்ளே ஒரு நரம்பு கயிறு போல வழுக்கி வழுக்கிப் போய்வந்தது. தோலைத் திறக்கவில்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை, உயிருள்ள காலின் உள்ளே நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு மயிர்க்கூச்செடுத்துவிட்டது. பிறகு அடிபட்ட காலில் வைத்தார். அதே கோடு வந்தது. வந்து, ஓரிடத்தில் பிசகி, படி போல ஏறி இறங்கியது. அதைச் சுற்றிக் கறுப்பாக நீர் கோத்திருந்தது. வாழ்நாளெல்லாம் தையல் பார்த்த கண் ஐயா, யாரும் சொல்லுமுன் என் வாயிலிருந்து "ஐயோ" என்று வந்துவிட்டது. அன்றே மாவுக்கட்டு போட்டார்கள். பிள்ளை அன்றைக்குத்தான் அழாமல் தூங்கினாள்.

5. இப்போது கேள்விப்படுவது: கர்ப்பிணிகளின் அறையில் விதியை மீறிக் காலைப் பார்த்ததற்காக டாக்டரம்மாவிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். இனிக் குழந்தைகளுக்கு அங்கே இடமில்லையாம். வருகிற திங்களன்று பேத்திக்குக் கட்டுப் பிரிக்க வேண்டும். எலும்பு கூடியிருக்கிறதா என்று அதே கருவியில் பார்த்த பிறகே ஓட விடலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இனி எதைப் பார்த்து அவளை ஓட விடுவது?

தாய்மார்களைக் காக்க வைக்கச் சொல்லவில்லை. எல்லா முறிவும் அதில் தெரிந்துவிடும் என்றும் நான் வாதாடவில்லை, டாக்டரம்மாவே அப்படிச் சொல்லவில்லை. எக்ஸ்ரேயில் தெரியாமல், வலி மட்டும் நிற்காத பிள்ளைகளுக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்கினால் போதும். பலகையில் 'குழந்தைகளின் காலுக்கும்' என்று ஒரு வரி சேர்க்கப் பலகை ஆள் கிடைக்காவிட்டால், துணியில் எழுத்துத் தைத்து நானே கொண்டுவந்து கட்டுகிறேன்.

இன்னும் ஒன்று. அந்த அறை எனக்குப் புதிதல்ல. என் மகள் நிறைசூலியாக இருந்தபோது துணைக்கு வந்து, இதே பேத்தியை அதே அறையில்தான் முதன்முதலில் பார்த்தேன். திரையில் அப்போதும் காலைத்தான் உதைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளை வாசலில் யாரும் மறிக்கவில்லை. பிறப்பதற்கு முன்பு இருந்த அனுமதி, பிறந்த பின் அந்தக் காலுக்கு இல்லாமல் போகலாமா? திங்களுக்குள் தாங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் ஐயா.

இடம்: மருத்துவமனைக்குப் பின் தெரு
நாள்: கட்டுப் பிரிக்கும் திங்களுக்கு முந்தைய வெள்ளி

தங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
(கையொப்பம்)
தையல்காரப் பாட்டி