இருபது வருடம் புகைத்த அக்கா

அன்புத் தம்பிக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயாவது நலமாக இரு. போனில் பேசினால் கத்திவிடுவேன், கத்தினால் இருமல் வரும். அதனால்தான் கடிதம்.

ஆஸ்பத்திரிப் படிவத்தில் நான் பொய் சொல்லிவிட்டேன் என்று போன ஞாயிற்றுக்கிழமை குதித்தாயே, அதற்குத்தான் இந்தப் பதில். "நீயே இப்படிப் பண்ணலாமாக்கா, அந்த விவரத்தை நம்பித்தானே நாங்க ஆராய்ச்சி பண்றோம்" என்றாய். முழுவதும் கேட்டுக்கொள்.

நுரையீரல் பரிசோதனை வண்டி முதல்முறை எங்கள் கேன்டீன் வாசலுக்கு வந்தபோது எனக்கு ஐந்து மாத இருமல். பத்தொன்பது வருடமாகப் பொரிக்கும் அடுப்பு முன்னால் நிற்கிறேன். அங்கே புகையை வெளியே தள்ளும் விசிறி ஓடிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற லாரி டிரைவரை உள்ளே விட்டார்கள். என்னிடம் நர்ஸ் ஒரே கேள்விதான் கேட்டாள். சிகரெட்டைத் தொட்டதே இல்லை என்றேன். "அப்போ உங்களுக்கு ஸ்கேன் கிடையாதும்மா, சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு மட்டும்தான், சந்தோஷமா வீட்டுக்குப் போங்க" என்றாள். நல்ல பழக்கத்துக்கு நல்ல பரிசு!

உன்னிடம் சொன்னேன். உங்கள் ஆய்வகத்தின் ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தாய். மரபணு துணி மாதிரி, அதன்மேல் தையற்காரர் சாக்பீஸால் போடும் கோடுகள் மாதிரி சில அடையாளங்கள் விழும்; புகையும் காற்றும் சாப்பாடும் கோடுகளை மாற்றுமே தவிர, துணி மாறாது; கோடுகளைப் படித்தால் புற்று தொடங்குவதைக் கண்டுபிடிக்கலாம் என்று அழகாக விளக்கினாய். முடிவு வந்ததும் "ஒண்ணுமில்லக்கா, நிம்மதியா இரு" என்றாய். இருந்தேன். நான்கு மாதம் நிம்மதியாக இருந்து தொலைத்தேன்.

எந்தக் கோடு ஆபத்து என்று முடிவு செய்ய நீங்கள் சேர்த்த ரத்தம் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுடையது, அதில் நம் இனத்தவர் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை என்பதை அதற்கப்புறம்தானே சொன்னாய்? அந்த மூன்றிலும் சிகரெட் பிடிக்காத பெண்கள் எத்தனை பேர்? வேறு யாரோ ஆண்களின் நெஞ்சுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை எனக்கு மாட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டீர்கள். வயிறு எரிகிறது, தம்பி. தெரிந்த விஷயத்தை முதலிலேயே சொல்ல உனக்கு என்ன கேடு வந்தது?

வண்டி மறுபடி வந்தபோது எங்கள் கேஷியர் அக்காதான் யோசனை சொன்னாள். "இருபது வருஷமா தினம் ஒரு பாக்கெட்னு சொல்லு, மரியாதையா உள்ளே விடுவாங்க" என்றாள். சொன்னேன். எப்போது ஆரம்பித்தீர்கள் என்று நர்ஸ் கேட்டதும், கல்யாணத்துக்கு அப்புறம் என்று உளறிவிட்டேன். அவள் பாவம் என்பதுபோல் பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு உள்ளே விட்டாள். இதைக் கேள்விப்பட்டு உன் அத்தான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வலது நுரையீரலில் கோலிக்குண்டு அளவுக்குக் கட்டி. அடுத்த வாரம் அறுவைச் சிகிச்சை.

இப்போது என் ஆஸ்பத்திரிக் குறிப்பில் நான் இருபது வருடமாகப் புகைத்தவள். பார்க்கும்போதெல்லாம் டாக்டர் அதற்காகத் திட்டுகிறார். அதுகூடப் போகட்டும். சிகரெட் பிடிக்காதவர்களுக்கு வரும் கட்டியைத் தனியாகச் சோதிக்க வேண்டும், அதற்கென்றே மாத்திரை இருக்கலாம் என்கிறாய். என் சீட்டில் அந்தச் சோதனையை யாரும் எழுதவில்லை. நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன். பொய் சொன்னால்தான் கதவு திறக்கும், உண்மையைச் சொன்னால்தான் மருந்து கிடைக்கும் என்றால் மனுஷி எதைத்தான் சொல்வது?

உங்கள் ஆராய்ச்சியில் ஒரு பொய் கலந்ததற்கு என்மேல் குதித்தாய். என்னைப் போன்றவர்கள் அதில் இல்லவே இல்லை என்பதற்கு உன் மேலதிகாரிகளிடம் ஒரு நாளாவது குதித்தாயா? இனிமேலாவது குதி.

இன்னொன்று. நம் அம்மா ஐம்பத்திரண்டு வயதில் போனாள். ஆஸ்துமா என்றார்கள், நாமும் நம்பினோம். மில் சமையலறையில் அவள் வேலை பார்த்தபோது, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டிக்குள்தான் உன்னைப் படுக்க வைப்பாள். பள்ளிக்கூடம் போகும் வரை நீ மூச்சில் இழுத்ததெல்லாம் அந்தப் புகையைத்தான். ஞாயிற்றுக்கிழமை என்னைத் திட்டும்போது நடுவில் மூன்று முறை இருமினாய். கேட்டதற்குக் குளிர் என்றாய். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் சொன்னேன்.

என் அறுவைச் சிகிச்சைக்கு நீ வர வேண்டாம். அந்த லீவில் போய் ஒரு ஸ்கேன் எடு. உங்கள் ரத்தப் பரிசோதனை போதும் என்று சொல்லாதே. சிகரெட் பிடிப்பீர்களா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லடா. எத்தனை பாக்கெட் கேட்டாலும் சொல்.

நூறு வயது நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா