துளசிக்கு அடியில் நீ இறக்கிவிட்ட பிள்ளை

இந்நேரத்துக்கு எழுதுகிறேன், பொறுத்துக்கொள். தெருவே விளக்கை அணைத்துவிட்டது. என் மகன் இப்போதுதான் கண்ணயர்ந்தான். விடிவதற்குள் உன்னிடம் ஒன்று கேட்டாக வேண்டும்.

இன்று சாயங்காலம் உன் மகள் கையை இறுக்க மூடிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். விரித்துப் பார்த்தால் மஞ்சாடி விதைகள். சிவப்பு கொஞ்சமும் மங்கவில்லை. அவள் துணிமணி வரும் அந்த நீலப் பையின் ஓரத்து ஜிப்பைத் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். போன ஐப்பசியில் நீ பொறுக்கிப் போட்டது அங்கேயே கிடந்திருக்கிறது.

மழை வெறித்த நாள் அது. கிருஷ்ணன்கோவில் காலேஜுக்குப் போன வருடங்களில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைப் பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி, அரண்மனைக்குள் கால் வைத்ததில்லை என்று நீதான் கிளப்பினாய். ஆளுக்கொரு கைக்குழந்தையோடு ராஜபாளையத்தில் பஸ் ஏறினோம். என் பையில் வெந்நீர், காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர், கொசுவலை எல்லாம் இருந்தன. "ஏட்டி, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போறோமா, காசிக்குப் போறோமா?" என்று நீ கேட்டதில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

அரண்மனைத் தூண்களுக்கு நடுவே உன் மகள் கத்தினாள். வளைவில் மோதித் திரும்பிய தன் குரலைக் கேட்டு மறுபடியும் கத்தினாள். "ராணியம்மா ஆர்டர் போடுதா, எல்லாரும் கேட்டுக்கிடுங்க" என்றாய்.

பிறகு நந்தவனம். மரங்களில் பெயர் எழுதிய தகரத்தை ஆணி வைத்து அடித்திருந்தார்கள். தாவரவியல் படித்தவளுக்குப் பொறுக்கவில்லை. "பேரு வைக்கணும்னா இப்படியா குத்துவாவ? உனக்குக் காது குத்துனப்ப அழுதேல்ல?" என்று என்னையே திட்டினாய். அப்புறம் துளசிப் பாத்தியின் ஓரத்தில் மகளை இறக்கிவிட்டாய்.

"இந்தத் தோட்டத்துல துளசிக்கு அடியில கெடச்ச பிள்ளைதான பொறவு சாமியாச்சு. எம் மவளும் கெடக்கட்டும். யாராச்சும் எடுத்து வளக்கட்டும். நான் செத்த நேரம் கால நீட்டுதேன்."

ஈரம், எறும்பு, பூச்சி என்று நான் பதறி, இவனை ஒரு இடுப்பிலும் அவளை மறு இடுப்பிலும் தூக்கிக்கொண்டேன்.

"பாத்தியா, கேட்ட ஒடனே ஆள் கெடச்சிருச்சு!" உனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மஞ்சாடி மரத்தடியில் குனிந்து குனிந்து பொறுக்கினாய், அவள் பெரியவளானதும் பல்லாங்குழி ஆட. வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "நீ எதுக்கு இருக்க?" என்று ஜிப்பை இழுத்து மூடினாய்.

கார்த்திகையில் உனக்குக் காய்ச்சல். நீ கேலி செய்த அந்தத் தெர்மாமீட்டரைத்தான் உன் வீட்டுக்காரர் ஓடிவந்து வாங்கிப் போனார். மதுரைக்குக் கொண்டுபோனார்கள். தெர்மாமீட்டர் திரும்பி வந்தது.

உன் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றுதானே கூப்பிடுவேன்; அண்ணன் மில்லுக்குப் போகும்போது மகளை என்னிடம் விட்டுப் போகிறார். தினமும் அவளை உன் படத்தின் முன் நிறுத்தி, "அம்மா எங்க?" என்பேன். படத்தைத் தொட்டு "ம்மா" என்பாள். எனக்கு "த்தை" போதும். அந்த ஒரு சொல்லையாவது உனக்கென்று காபந்து பண்ணி வைத்திருந்தேன்.

இன்று அவள் கை விரிந்தபோது ஒரு கன்னம் உப்பியிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. வாயில் விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். மிரண்டு அழுதவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து, "அம்மா" என்றாள். படத்தின் பக்கம் திரும்பவே இல்லை. என் மகன் ஓடிவந்து, "எங்கம்மா!" என்று அவளைத் தள்ளினான். அவள் விடவில்லை.

நிமிர்ந்தால் வாசலில் அண்ணன். சட்டையெல்லாம் பஞ்சு.

"இன்னைக்குத்தான் சொல்லுதாளா?"

"பயத்துல சொல்லிட்டாண்ணே."

மகளை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். "நாளைக்குப் பயமில்லாமச் சொன்னா என்ன செய்வ, தாயி?"

"அத்தைன்னு சொல்லு" என்று திருத்தினால் அந்த முகம் வாடிப்போகும். "என்ன கண்ணு" என்று கேட்டுவிட்டால், படத்தில் மிச்சமிருக்கும் உன்னையும் நான் எடுத்துக்கொண்டதாகிவிடும். தோட்டத்தில் நீ சிரித்துக்கொண்டே சொன்னதைச் சம்மதம் என்று வைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லையடி.

விதைகளை ஒரு டப்பாவில் அடைத்து, அவள் கைக்கு எட்டாத உயரத்தில், உன் படத்தின் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஆடும் வயது வரட்டும். துளசிக்கு அடியிலிருந்து தூக்கியவளை நான் இன்னும் இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

காலையில் அண்ணன் கொண்டுவந்து விடுவார். வாசலிலிருந்தே கூப்பிடுவாள். சீக்கிரம் பதில் போடு.