தோல் படம்

அப்பாவுக்கு வணக்கம். மூட்டுவலி தேவலையா? நீண்ட ஆலோசனைக்குப் பின், இனித் தோல் செருப்பு அணிவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன்.

ஷூவுக்கு லேபிள் ஒட்டுவது என் வேலை. விரித்த தோலின் படம் தோலுக்கு, வலைப் படம் துணிக்கு, சாய்சதுரம் மற்றவற்றுக்கு. நேற்று வந்த ஜோடியின் உட்புறத்தில், தடுப்பூசி போட்ட இடத்தில் நமக்கு இருக்குமே, அதே வட்டத் தழும்பு. தொட்டால் வெதுவெதுப்பு. சூப்பர்வைசரிடம் காட்டினேன்.

“இது என்ன தோலுண்ணே?”

“தோலுன்னா தோல் படத்தை ஒட்டுய்யா. யாரு தோலுன்னு லேபிள்ல கேட்டிருக்கா?”

ஒட்டிவிட்டேன். கம்பெனி கொடுத்த அறையில் என் பக்கத்துக் கட்டில்காரர் மூன்று நாளாக வரவில்லை, ஊருக்குப் போயிருப்பாராம். கவலைப்படாதீர்கள். எட்டாம் நம்பர் ரப்பர் செருப்பு ஒரு ஜோடி அனுப்புங்கள். கடிதத்தைக் கொஞ்சம் நீளமாக எழுதுங்கள். வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் ஹாரன் அடிக்கிறது.

அந்த மாடலில் இன்னும் ஐந்து ஜோடி கேட்டிருக்கிறார்கள். அறையில் இப்போது ஐந்து பேர் இருக்கிறோம்.